நாற்பத்தேழாவது ஆள் எங்கே

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் ஆறாவது பிள்ளை, கடற்படையில் புதிதாகச் சேர்ந்தவன், கப்பலிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமா இல்லையா என்பது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. அங்கு தாங்களும் மாமியும் மாமியின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம். காட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் இந்த முதல் பத்தியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, மிச்சமெல்லாம் எல்லோரையும் விசாரித்திருக்கிறான் என்று சொல்லி மடித்து வைத்துவிடவும்.

விஷயம் இதுதான் மாமா. நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இங்கே சோதனைக் காலம் தொண்ணூறு நாள். இன்று எழுபத்தோராவது நாள். தொண்ணூறாவது நாள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கேப்டன் என்னைக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்பார். இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் பத்து வருஷம். வீட்டுப் பெரியவர் ஒருவர், இவன் வீட்டுக்குத் தேவைப்படுகிறான் என்று எழுதிக் கொடுத்தால் மரியாதையாக இறக்கி அனுப்பிவிடுவார்கள். அப்பாவிடம் கேட்டால் எழுதுவார், ஆனால் கேப்டனுக்கு நாலு வரியும் எனக்கு நாற்பது வரியும் எழுதுவார். அதனால் தாங்கள்தான் எழுத வேண்டும். என்னை இதில் சேரச் சொன்னதும் தாங்கள்தானே. "பஸ்ஸுல முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா நின்னுக்கிட்டே போனேன்டா, கப்பல்னா படுத்துக்கிட்டே போகலாம்" என்று வெற்றிலைக் கறையில்லாத வாயால் அவ்வளவு சுத்தமாகச் சொன்னீர்கள், நானும் நம்பிப் பெட்டியைக் கட்டினேன்.

படுப்பது எப்படி என்று கேளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று படுக்கை, எனக்கு மேல்படுக்கை, என் மூக்குக்கு நாலு விரற்கடை மேலே ஒரு குழாய் போகிறது, அதற்குள் என்ன போகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதுவானாலும் சுடுகிறது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, திரும்பி நின்று, மறுபடி ஏற வேண்டும். கீழ்ப்படுக்கையில் என்ஜின் அறையில் வேலை பார்க்கும் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குப் பெயரே இங்கே கீழ்ப்படுக்கைதான், நல்ல மனுஷன். "தம்பி, நீ நாலு தரம் இறங்கறே, நாலு தரமும் என் வயித்துல காலை வைக்கறே, ஒரு தரம் தப்பித் தவறியாவது தரையில வையேன்" என்று அவர் சொன்னதில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கதவுகளோ, ஒவ்வொன்றுக்கும் முழங்கால் உயரத்துக்கு இரும்பு வாசற்படி, மேலே தலையை இடிக்கிற மாதிரி இரும்பு விளிம்பு. தலையைக் குனிந்தால் காலில் அடி, காலைத் தூக்கினால் தலையில் அடி. இரண்டையும் சேர்த்துச் செய்யப் பழகிக்கொண்டேன், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற மாதிரி தெரிகிறதாம்.

வழி தெரியவில்லை மாமா, அதுதான் பெரிய கஷ்டம். எல்லா நடைபாதைக்கும் ஒரே சாம்பல் நிற பெயிண்ட், எல்லா ஏணிக்கும் ஒரே செங்குத்து. முதல் வாரம் குளிக்கப் போகிறேன் என்று துண்டோடு கிளம்பி, மூன்று ஏணி இறங்கி, சோப்பு டப்பாவோடு என்ஜின் அறையில் போய் நின்றேன். பதினோரு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "குளிக்கிறதுக்கு இங்க எண்ணெய்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டார். அடுத்த வாரம் வெள்ளைத் தொப்பி வைத்தவரைக் கண்டால் சல்யூட் அடிக்க வேண்டும் என்று சொன்னார்கள், அடித்தேன், அவர் சமையல்காரர். யாரும் அதுவரை அவருக்கு அடித்ததில்லை போலிருக்கிறது, மனுஷன் அப்படியே குளிர்ந்துபோய்விட்டார். இப்போது தினமும் எதிர்பார்க்கிறார். அடிக்காத நாளில் கரண்டி பாத்திரத்தின் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது, அடித்த நாளில் அடிவரை போகிறது.

நேரமும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கப்பல் போகப் போக கடிகாரத்தை அரை மணி அரை மணியாக முன்னால் தள்ளுகிறார்கள். தாங்கள் ஓய்வு பெற்றபோது டெப்போவில் கொடுத்த கைக்கடிகாரத்தை எனக்குக் கட்டி அனுப்பினீர்களே, அதை மட்டும் நான் மாற்றவில்லை, அது தங்கள் நேரத்திலேயே ஓடுகிறது. அதைப் பார்த்தால் மாமா இப்போது பேப்பர் படிப்பார், மாமி இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள் என்று எனக்குத் தெரியும், ஒரு தெம்பாக இருக்கிறது. நேற்றுவரை தங்கள் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டினால் கப்பல் நேரம். இன்று மதியத்திலிருந்து இரண்டு மணி கூட்ட வேண்டுமாம். இப்படித் தினமும் ஒரு கணக்கு வைத்தால் மனுஷன் எதைத்தான் ஞாபகம் வைப்பது.

கணக்கு என்றதும் முக்கியமான தொல்லை ஞாபகம் வருகிறது. இங்கே ஒரு நாளைக்கு நாலு தரம் ஆளை எண்ணுகிறார்கள். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு ஒன்பது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேல்தளத்தில் அவரவர் இடத்தில் நின்று அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். நான் நாற்பத்தேழு. சட்டையில் எண், தட்டில் எண், படுக்கையில் எண். எங்கள் மேலதிகாரி கழுத்தில் வெள்ளி விசில் தொங்கும், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர், அவர் ஊதினால் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நூற்றுப் பன்னிரண்டு வரை ஓடும். கடல் நடுவில், கதவைத் திறந்தால் தண்ணீர், எங்கே ஓடிப்போய்விடப் போகிறோம் என்று நாலு தரம் எண்ணுகிறார்கள்? தாங்கள்கூட இப்படிச் செய்ததில்லை. நாங்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து அருவிக்குப் போனபோது, டீக்கடை வாசலில் தாங்கள் ஏறி நின்று ஒரே ஒரு தரம் விரலை ஆட்டி எண்ணி, "பதினாறு, எல்லாம் இருக்கு, ரைட்" என்று விசில் அடித்தீர்கள், வேன் கிளம்பிவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தலை தப்பியதில்லை என்று இன்றைக்கும் சொல்வீர்கள். அன்றைக்கு அருவியில் எல்லோரும் நின்று எடுத்த படம்தான் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. இவர்களிடம் தங்களைப் பற்றிச் சொன்னேன், விசில் கேட்டுவிட்டு, "ஒரு தரம் எண்ணினா போதும்னு நெனைக்கிறவர் பஸ்ஸோட நிறுத்திக்கிட்டது நல்லதுதான்" என்றார். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சுபாவம் அப்படி.

இனி, நான் ஏன் வந்தே ஆக வேண்டும் என்பதற்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நடந்தது. கடலில் ஆள் விழுந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று இங்கே பயிற்சி உண்டு. அதற்கு ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பொம்மை ஆள், உள்ளே பஞ்சும் மணலும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். காரணம் கேட்டேன், "அவருக்கு ஒரு வேலையும் கெடையாது, ஆனா அவருக்காக நூத்திப் பன்னெண்டு பேரும் ஓடணும், வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார் கீழ்ப்படுக்கை. அன்றைக்கு மாப்பிள்ளையைத் தூக்கிப் பின்பக்கம் கடலில் போட்டார்கள், மணி அடித்தது, எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன், எங்கே என்று தெரியாமல். விசில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, மிதவைச் சட்டையை மாட்டி, தலைக்கவசத்தைக் கவிழ்த்து, கம்பி ஓரத்தில் நிற்க வைத்தார். "கையை நீட்டு. மாப்பிள்ளையைக் காட்டு. அலையில ஒரு தலைங்கிறது ஒரு தேங்காய் மாதிரி, கண்ணை எடுத்தா போச்சு. கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் விரல் அவரைத்தான் காட்டணும். நான் சொல்ற வரைக்கும் கையைக் கீழே போடாதே, புரியுதா?" என்றார். இந்த எழுபது நாளில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே உத்தரவு அதுதான் மாமா. சொல்லிவிட்டு அவர் படகை இறக்கப் போய்விட்டார்.

நான் காட்டினேன். கப்பல் வட்டமடித்தது, நானும் மெல்லத் திரும்பித் திரும்பிக் காட்டினேன். நடுவில் ஒரு அலைத்துளி கண்ணில் அடித்துவிட்டது, ஒரே ஒரு தரம் சிமிட்டினேன், மறுபடி பார்த்தேன், ஆரஞ்சு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது, விடாமல் காட்டினேன். பிறகுதான் தெரிந்தது, நான் சிமிட்டிய நேரத்தில் படகுக்காரர்கள் அந்தப் பக்கமாக வந்து மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், நான் காட்டிக்கொண்டிருந்தது யாரோ என்றைக்கோ வீசிய பிளாஸ்டிக் கேன். பயிற்சி முடிந்துவிட்டது. எண்ணிக்கைக்கு விசில் ஊதினார், எனக்கும் கேட்டது, ஆனால் கையைக் கீழே போடு என்று அவர் இன்னும் சொல்லவில்லையே, விழுந்தவரை விட்டுவிட்டு எண்ணைக் கத்தப் போகிறவன் மனுஷனா என்று நான் அசையவில்லை. அந்தப் பக்கம் எண்ணினார்கள். நாற்பத்தாறுக்குப் பிறகு சத்தமில்லை. மறுபடி எண்ணினார்கள், அப்போதும் நூற்றுப் பதினொன்று. குளியலறையில் தேடினார்கள், சமையலறையில் தேடினார்கள், என் வழிபார்க்கும் லட்சணம் தெரிந்ததால் என்ஜின் அறையில் மட்டும் இரண்டு தரம் தேடினார்கள். என் படுக்கையில் கம்பளி சுருண்டு கிடந்திருக்கிறது, ஆள் தூங்குகிறானோ என்று அதையும் தூக்கி உதறிப் பார்த்தார்களாம். அப்புறம் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்தார். "இது பயிற்சி இல்ல. நிஜமாவே ஒரு ஆள் தண்ணியில விழுந்திருக்கார்" என்றார்.

ஐயோ பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ, அவன் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வந்தும் துடைக்கவில்லை, துடைத்தால் ஆள் தவறிவிடுவானே. மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு என் முதுகும் தலைக்கவசமும் நீட்டிய கையும்தான் தெரிந்திருக்கிறது. "அதோ ஒருத்தன் காட்டறான், அவன் பாத்துட்டான்" என்று கத்தினார்கள். நான் காட்டிய பக்கம் கப்பல் திரும்பியது மாமா. அவ்வளவு பெரிய இரும்பு, என் ஒரு விரலுக்குத் திரும்பியது. படகை மறுபடி இறக்கினார்கள், டாக்டர் பெட்டியோடு ஏறினார், கீழ்ப்படுக்கை சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கத் தயாராக நின்றார். போனார்கள், கேனைத் தூக்கிக்காட்டினார்கள். கேப்டன் மேலேயிருந்து, "அது நம்மாளு இல்ல, தேடுங்க" என்றார். பிறகு இறங்கி என்னிடமே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"யாரைப் பாத்தே நீ?"

"விழுந்தவரை சார்."

"எப்பப் பாத்தே?"

"ரெண்டு மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன் சார்."

"நீ யாரு?"

"நாற்பத்தேழு சார்."

கேப்டன் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தலைக்கவசத்தை அவர் கையாலேயே கழற்றி முகத்தைப் பார்த்தார். விசிலைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் எண்ணுங்க" என்றார். எண்ணினார்கள். நான் என் எண்ணைச் சொன்னபோது குரல் சரியாக வரவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு என்று வந்ததும், "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் என் கை நீட்டியபடிதான் இருந்தது, விசில் வந்து, "இறக்குடா, இறக்கு" என்று சொன்ன பிறகுதான் இறக்கினேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை எல்லோரும் ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் நடைபாதையில் போனால் போதும், எதிரில் வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று கையை நீட்டி என்னைக் காட்டுகிறார்கள். அந்தக் கேனில் வெள்ளைப் பெயிண்டால் நாற்பத்தேழு என்று எழுதிச் சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டார்கள். சமையல்காரர் அதற்கும் ஒரு தட்டு வைக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாமா. தன்னைத் தானே தேடினவன் என்ற பெயரோடு பத்து வருஷம் எப்படி இருப்பது? கயிறு வைக்கும் அறையில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே ஒலிபெருக்கி கெட்டுப்போயிருக்கிறது, யாரும் வரமாட்டார்கள், கப்பலிலேயே எனக்கு நிம்மதியான ஒரே இடம்.

ஆகவே தாங்கள் கேப்டனுக்கு உடனே ஒரு கடிதம் எழுதி, தொண்ணூறாவது நாளுக்கு முன்னால் துறைமுகத்துக்கு வந்து சேரும்படி அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம், நானே எழுதித் தருகிறேன், தங்கள் கையெழுத்தில் பெயர்த்து எழுதினால் போதும்: "ஐயா, இவன் எங்கள் வீட்டின் அச்சாணி. இவன் இல்லாமல் வீட்டில் ஒரு காரியமும் நடக்கவில்லை. இவன் எங்கே எங்கே என்று எல்லோரும் தேடுகிறார்கள். தயவுசெய்து அனுப்பி வைக்கவும்." அண்ணன்மார் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதை எழுத வேண்டாம். அக்கா இருப்பதையும் எழுத வேண்டாம்.

நாளைக் காலை எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்து தபால் பையை வாங்கிக்கொண்டு போகும், அதில் இதைச் சேர்த்துவிடுவேன். அப்பாவுக்கு என் வணக்கத்தையும் அம்மாவுக்கு என் முத்தத்தையும் கொடுக்கவும், முத்தம் என்று சொல்லாமல் விசாரிப்பு என்றே சொல்லவும். மாமியின் முழங்காலுக்கு என் தனிப்பட்ட அன்பு. தங்கள் பதிலை எதிர்பார்த்து, கதவு கதவாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

தங்கள் அக்காள் மகன், ஆறாவது.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டேன். பசை தடவும்போது, தாங்கள் எழுத வேண்டிய அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் தங்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன். இவன் எங்கே எங்கே என்று எல்லோரும் தேடுகிறார்கள். சொல்லிப் பார்த்ததும் கை நின்றுவிட்டது, கடிதத்தை வெளியே எடுத்துவிட்டேன். ஒரு விஷயம் சொல்கிறேன், இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, தங்கள் மனசு கஷ்டப்படுமே என்றுதான் சொல்லவில்லை. அருவிக்குப் போன அன்று நான் வேனில் இல்லை மாமா. டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தேன். தாங்கள் எண்ணிய பதினாறில் ஒன்று என் சீட்டில் வைத்திருந்த போர்வை மூட்டை, அதன்மேல் என் தொப்பி இருந்தது. நான் ஓடிவந்தபோது வேன் வளைவில் திரும்பிவிட்டது. சாயங்காலம்வரை அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன், இதோ தேடி வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு. வேன் வந்தது, டீ குடிக்க வந்தது. நானாக ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா திரும்பிப் பார்த்து, "எங்கடா போனே, டீ குடிச்சியா?" என்று கேட்டாள். குடித்தேன் என்றேன். எனக்கு வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலம் மிச்சம் என்று நினைத்துப் பெரியண்ணன் சாப்பிட்டிருந்தான். அந்தப் படத்தில் நான் இல்லையே என்று யாராவது கேட்டால், படம் எடுத்ததே அவன்தான் என்று அம்மா சொல்கிறாள், அவளுக்கு அப்படித்தான் ஞாபகம். அந்த அருவி எந்தப் பக்கம் விழுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

குறையாகச் சொல்லவில்லை. பதினாறு பேரில் ஒருத்தன் தவறுவது சகஜம். ஆனால் இங்கே கம்பளியைத் தூக்கி உதறிப் பார்த்தார்கள் மாமா. கேனைக் காட்டியபோது, அது நம்மாளு இல்ல, தேடுங்க என்று சொன்னார் அந்த மனுஷன்.

என்னவோ தெரியவில்லை, இந்த வரியை எழுதும்போது தரையில் இருந்த அதிர்வு நின்றுவிட்டது. என்ஜினை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. நடுக்கடலில் எதற்கு நிறுத்துகிறார்கள்? தங்கள் கடிகாரத்தில் மணி மூன்று இருபது. ஒன்றரை கூட்டினால் நாலு ஐம்பது, ஐந்து மணி எண்ணிக்கைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. இல்லை, இன்று மதியத்திலிருந்து இரண்டு மணி கூட்ட வேண்டும்.

மாமா, காற்றுக்குழாய் வழியாக மேலே எல்லோரும் ஓடுகிற சத்தம் கேட்கிறது. விசில் அடிக்கிறார். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள், நாற்பத்தாறு வரை தெளிவாகக் கேட்டது, அதற்கு அப்புறம் ஒருத்தரும் பேசவில்லை. கீழ்ப்படுக்கையின் குரல் மட்டும், "மறுபடியும் அவனா, படகை இறக்குங்கப்பா" என்கிறது.

தாங்கள் அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். நான் மேலே போய் என் எண்ணைச் சொல்ல வேண்டும்.